மதினி வாசித்த ஒன்பது பேர்

என் மதினி நெக்காவலுக்குப் படிக்கத் தெரியாது என்று ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தவன் நான். மெக்சிகோ நகரத்துக்குத் தொலைவில் இருக்கும் ஓயாமெல்கோ ஊர்ச்சபைக்கு நான்தான் எழுத்தன். பாதிரிமார் பள்ளியில் ஏழு வருஷம் முட்டிபோட்டுப் படித்து, எங்கள் பேச்சை ஸ்பெயின்காரர்களின் எழுத்தில் எழுதக் கற்றவன். அந்தத் திமிர் எனக்கு நிறையவே இருந்தது.

என் அண்ணன் மெல்ச்சோர் அப்பாவின் தொழிலை எடுத்துக்கொண்டான். பழைய முறையில் படம் எழுதுகிறவன். எங்கள் ஜனங்களுக்கு எழுதுவதும் வரைவதும் ஒரே வேலை, அதற்கு ஒரே சொல்தான். ஒரு ஆளின் தலையை வரைந்து, அதிலிருந்து ஒரு கோடு இழுத்து, கோட்டின் முனையில் சின்னதாக ஒரு பாம்போ பூவோ போட்டால் அது அந்த ஆளின் பெயர். சின்னப் பிள்ளைகள் கரித்துண்டால் கிறுக்குவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று அண்ணனிடமே நான் கேட்டிருக்கிறேன். அவன் சிரித்துவிட்டுத் தூரிகையைக் கழுவப் போவான். மதினி சும்மா விடமாட்டாள்.

"கொழுந்தனாரே, உங்க எழுத்து கொக்குக் கால் மாதிரி நிக்குது. எங்க வீட்டுக்காரர் எழுத்துல கொக்கே நிக்குது. எது மேல்?"

நெக்காவல் என்றால் விட்டுச் செல்லப்பட்டவள் என்று அர்த்தம். அவளைப் பெற்ற அன்றே அவள் அம்மா செத்துப்போனாள், அதனால் வந்த பெயர். பாதிரியார் மக்தலேனா என்று வைத்திருந்தார். கோயிலில் கூப்பிட்டால் அதற்கும் "வந்தேன்" என்பாள். குள்ளமான உருவம், மாவு அரைத்து அரைத்துத் திரண்ட கைகள், தொண்டை கட்டியதுபோல ஒரு குரல். இருபது வயதிலேயே பிரசவம் பார்க்கத் தொடங்கிவிட்டாள். ஓடைக்கரைப் பகுதியில் நாற்பது வயதுக்குக் கீழே உள்ள யாரைக் கேட்டாலும், முதலில் தன்னைத் தொட்டது அவள் கைதான் என்பார்கள்.

வலியில் துடிக்கிற பெண்ணிடம் அவள் பேசுவது சுவருக்கு இந்தப் பக்கம் எங்கள் வீட்டுக்கே கேட்கும்.

"கத்தாதடி, மூச்ச வீணாக்காத. மாமியாரத் திட்டணும்னா பெத்துட்டுத் திட்டு. நானும் சேந்துக்கறேன்."

பிள்ளை பிறந்த நாலாம் நாள், சூரியன் எழும் நேரம், முற்றத்தில் ஒரு தொட்டித் தண்ணீர் வைப்பார்கள். மருத்துவச்சி பிள்ளையைக் குளிப்பாட்டி, நெஞ்சில் தண்ணீர் தொட்டு, பழைய முறைப்படி ஒரு பெயர் சொல்லுவாள். அந்தப் பெயர்தான் வீட்டுக்குள் புழங்கும். பிறகு கோயிலில் ஞானஸ்நானம், பேத்ரோ, ஹுவான் என்று இன்னொரு பெயர். முதல் குளியல் பாவம் என்று பாதிரியார் ஒவ்வொரு ஞாயிறும் பிரசங்கம் செய்தார். எல்லா வீட்டிலும் நடந்தது. யாரும் அதைப் பற்றி வாயைத் திறக்கவில்லை.

1545ஆம் வருஷம் மூக்கிலும் வாயிலும் ரத்தம் வந்து ஜனங்கள் மாண்டார்கள். நான் அப்போது தூரத்துப் பள்ளியில் இருந்தேன். ஊருக்குப் போய்த் திரும்பி வந்தவர்கள் சொல்லித்தான் தெரியும். ஓடைக்கரையில் பாதி வீடுகளில் அடுப்பு எரியவில்லை. மதினிக்கு இரண்டு ஆண்பிள்ளைகள் ஒரே வாரத்தில் போனார்கள். மகள் இஸபெல் மட்டும் மிஞ்சினாள். மதினி அழுதாளா என்று அண்ணனிடம் பின்னால் கேட்டேன். "அழ நேரம் எங்க இருந்துச்சு? வீட்ல பதினோரு பிள்ளைங்க படுத்திருந்துச்சு" என்றான். பெற்றவர்கள் இல்லாத பிள்ளைகளை ஒவ்வொரு வீடாகப் போய் எடுத்து வந்து சோளக்கஞ்சி ஊற்றி வைத்திருந்தாள்.

நோய் அடங்கியதும் ஊர்ச்சபை ஒரு முடிவெடுத்தது. யார் யாருக்கு எந்த நிலம் என்று புதிதாகப் படம் எழுதி வைக்க வேண்டும். ஓடைக்கரைக்கு அண்ணன் எழுத உட்கார்ந்தான். ஓடையை ஒட்டிய ஒன்பது நிலங்களுக்கு வந்தபோது பகுதித் தலைவர், "அதெல்லாம் காலி. வெறுமனே விட்டுடு" என்றாராம்.

மதினி அடுப்படியிலிருந்து வந்தாள். "காலின்னு யார் சொன்னது? நிலத்துக்காரன் உள்ள கஞ்சி குடிச்சிட்டு இருக்கான். வயசு மூணு ஆகுது. கூப்பிடவா?"

அண்ணன் அந்த ஒன்பது நிலங்களிலும் அந்த ஒன்பது பிள்ளைகளின் பெயரில் ஒன்பது தலைகளை வரைந்தான். பக்கத்தில் உட்கார்ந்து, இது இன்னாருடைய பிள்ளை, இதற்கு இந்தப் பெயர் என்று சொன்னவள் மதினி. சொல்லுக்கேற்ற படம் எது என்று அவர்கள் இரண்டு நாள் மல்லுக்கட்டினார்களாம்.

ஐந்து வருஷம் கழித்து, கோயில் சுவரில் படம் எழுதும்போது சாரம் முறிந்து அண்ணன் விழுந்தான். மூன்று நாள் உயிர் இருந்தது. நான் அதற்குள் ஊருக்குத் திரும்பி எழுத்தனாகியிருந்தேன்.

அடக்கம் முடிந்த மாதம் மதினி என்னிடம் வந்தாள். "கொழுந்தனாரே, அந்த ஓடைக்கரைப் படத்துல ஒவ்வொரு தலைக்குப் பக்கத்துலயும் உங்க எழுத்துலயும் பேர எழுதிடுங்க. நான் சொல்றேன், நீங்க எழுதுங்க. ஒரு நாள் வேலை."

"நேரம் இல்ல மதினி. அதுவுமில்லாம, நீங்க சொல்லி நான் எழுதறதா?"

அப்படியே சொன்னேன். இன்னும் ஒரு தடவை கேட்டாள், பிறகு விட்டுவிட்டாள். அந்த மரப்பட்டைத் தாளைச் சபைப் பெட்டியில் போட்டு மூடினேன். பன்னிரண்டு வருஷம் அதை யாரும் திறக்கவில்லை.

திறக்க வைத்தவர் தோன் ஹெரோனிமோ. பழைய பிரபுக் குடும்பம், அதனால்தான் பெயருக்கு முன்னால் 'தோன்' என்ற ஸ்பெயின் மரியாதைப் பட்டம். எங்கள் ஜனம்தான். ஆனால் ஸ்பெயின் தொப்பி, ஸ்பெயின் காலுறை, குதிரை. கோதுமை விதைக்க ஓடைத் தண்ணீர் வேண்டியிருந்தது அவருக்கு. அந்த ஒன்பது நிலங்களும் தன் அப்பாவுடையவை, படத்தில் இருப்பதெல்லாம் அப்பாவிடம் வேலை செய்து செத்துப்போன ஆட்கள் என்று வழக்குப் போட்டார். நிலத்தை உழுதுகொண்டிருந்தவர்களுக்கெல்லாம் ஓலை போயிற்று. அப்போது அவர்களுக்கு இருபதும் முப்பதுமாக வயது. சிலருக்குப் பிள்ளைகளே இருந்தன.

மெக்சிகோ நகரத்திலிருந்து தோன் பெலிசியானோ என்ற நீதிபதி வந்தார். அவரும் எங்கள் ஜனம்தான், பேச்சில் மட்டும் கொஞ்சம் அந்த ஏரிக்கரை நகரத்து வாடை. சபைக் கட்டடத்தின் முன்தாழ்வாரத்தில் பாய் விரித்து, படத்தைப் பிரித்து, நாலு மூலையிலும் கல் வைத்தோம். ஊரே முற்றத்தில் உட்கார்ந்திருந்தது.

"நீங்க ஓவியரோட கூடப்பிறந்தவராமே. வாசிங்க" என்றார் நீதிபதி.

முதல் மூன்றும் சுலபம். பாம்பு, முயல், மழை. மூன்றும் ஊரில் புழங்குகிற பெயர்கள். அந்தப் பெயருக்குரியவர்கள் எழுந்து நின்றார்கள். நாலாவது ஒரு பழம்.

"பழம்... பழம் விக்கிற ஆளா இருக்கும்" என்றேன்.

முற்றத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஐந்தாவதைப் பார்த்தேன். ஒரு கை, அதன் கீழே ஒரு கல், கல்லுக்குக் கீழே காலடித் தடம் பதிந்த ஒரு வழி.

"வழியில கல்லெறிகிறவன்" என்றேன்.

தோன் ஹெரோனிமோ உடனே எழுந்தார். "அவனேதான்! எங்கப்பாவோட காவக்காரன். வழிப்பறிக்காரங்கள கல்லெறிஞ்சே வெரட்டுவான். பாவம், கொள்ளைநோய்ல போய்ட்டான்."

ஆறாவது ஒரு பொம்மை, பெண்பிள்ளைகள் விளையாடுகிற மண்பொம்மை. "பொம்மை செய்யறவன்" என்றேன். "எங்க வீட்டுப் பொம்மக்காரன்!" என்றார் தோன் ஹெரோனிமோ. கழுகுத்தலை ஒன்று வந்திருந்தால் அவர் அப்பா கழுகு மேய்க்க ஆள் வைத்திருந்ததாகச் சொல்லியிருப்பார். உண்மையிலேயே ஏழாவது கழுகுதான். அதற்குள் நீதிபதி கையை உயர்த்திவிட்டார். நான் உளறுவது அவருக்குப் புரிந்துவிட்டது.

"வேற யாருக்காவது இதை வாசிக்கத் தெரியுமா?"

பின்னாலிருந்து அந்தக் கட்டைக்குரல் வந்தது. "எனக்குத் தெரியும்யா."

மதினி ஜனங்களைத் தாண்டித் தாண்டி முன்னால் வந்தாள். தோன் ஹெரோனிமோவின் வழக்காடி, நகரத்து ஆள், குறுக்கே வந்தார். "ஐயா, இந்தம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. இதோ, அவங்க சொந்தக் கொழுந்தனாரே ஊரெல்லாம் சொல்லியிருக்கார். இல்லைன்னு சொல்லச் சொல்லுங்க."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் பேனாவைப் பார்த்தேன். இன்றைக்கும் அதை நினைத்தால் காது சுடுகிறது.

மதினிதான் பதில் சொன்னாள். "அவர் சொன்னது சரிதான்யா. அவர் எழுத்து எனக்குத் தெரியாது. இந்த எழுத்து அவருக்குத் தெரியாது. இப்ப பாயில கிடக்கறது எந்த எழுத்து?"

நீதிபதியின் மீசை அசைந்தது. "வாசிங்கம்மா" என்றார்.

அவள் முட்டிபோட்டு உட்கார்ந்து, தாளைத் தொடாமல், விரலை மேலே நிறுத்திக் காட்டினாள்.

"இது பழமில்ல. பழத்துக்கு நாம என்ன சொல்லுவோம்? ஷோக்கோ. வீட்டுக் கடைக்குட்டிப் பொண்ண என்னன்னு கூப்பிடுவோம்? அதுவும் ஷோக்கோ. கடைக்குட்டிங்கறத எப்படி வரையறது? அதான் பழம். அதோ நிக்கறா பாருங்க, ஹுவானா. ஏழு பேருக்குக் கடைசி. இப்ப அவ மட்டும்தான் இருக்கா."

ஹுவானா இடுப்புப் பிள்ளையோடு எழுந்து நின்றாள்.

"அடுத்தது, இந்தக் காவக்காரன்." தோன் ஹெரோனிமோ பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். "இந்தப் பிள்ளையப் பெத்தவ மூணாம் நாளே போய்ட்டா. வீட்ல பேர் வைக்கக் குடுத்து வைக்கல. கோயில்ல வச்ச பேரு மட்டும்தான் இருந்துச்சு. ஸ்பெயின் பேர எப்படிப் படமாப் போடறதுன்னு எங்க வீட்டுக்காரர் ஒரு நாள் முழுக்க மண்டைய ஒடச்சிக்கிட்டார். நான்தான் சொன்னேன், வாயில வர்ற சத்தத்தப் போடுங்கன்னு. ஐயா, நீங்களே சொல்லுங்க. கைக்கு என்ன?"

"மா" என்றார் நீதிபதி.

"கல்லுக்கு?"

"தே."

"வழிக்கு?"

"ஓ."

"சேத்துச் சொல்லுங்க."

"மா... தே... ஓ." நீதிபதி நிமிர்ந்து உட்கார்ந்தார். "மத்தேயோ!"

முற்றத்தில் எழுந்த கூச்சலில் கூரைப் புறாக்கள் பறந்துவிட்டன. செங்கல் அறுக்கிற மத்தேயோ மண் காயாத கையோடு எழுந்து நின்றான். அவன் பெயர் இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தினமும் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறேன். படத்தில் இருந்ததை மட்டும் பார்க்கத் தெரியவில்லை. அந்த இடத்தில்தான் என் திமிரில் பாதி கழன்று விழுந்தது என்று நினைக்கிறேன். மற்ற பாதி அடுத்த அரைமணியில் போயிற்று.

பொம்மைக்கு வந்ததும் மதினி நிறுத்தினாள். "ஐயா, இதைச் சொல்றதுக்கு முன்ன ஒரு ஆள்கிட்ட ஒரு வார்த்த கேக்கணும்." நீதிபதி தலையசைத்தார். கயிறு திரிக்கிற பாப்லோவை அழைத்துத் தாழ்வாரத் தூணருகே நின்றாள். நான் எழுதும் இடத்துக்கு இரண்டடி தூரம்தான். எல்லாம் கேட்டது.

"பாப்லோ, உனக்கு வீட்ல வச்ச பேரு என்னன்னு உனக்குத் தெரியுமா?"

"பாப்லோதான். வேறென்ன?"

"இல்ல. ஒன்னு இருக்கு. நல்ல பேர் இல்ல. சொன்னா நெலம் நிக்கும். ஊர் சிரிச்சாலும் சிரிக்கும். சொல்லவா, வேண்டாமா?"

பாப்லோ பெரிய ரோஷக்காரன். ஊரில் யாரும் அவனைக் கேலி பேசிவிட்டுப் பல்லோடு வீடு போனதில்லை. தன் பிள்ளைகள் உட்கார்ந்திருந்த பக்கம் பார்த்தான். "எனக்கு மூணு பிள்ளைங்க அத்த. சொல்லுங்க."

அவள் திரும்பி வந்தாள். எங்கள் பழைய கணக்கில் வருஷத்தின் கடைசி ஐந்து நாள் ஒன்றுக்கும் உதவாத நாட்கள். அந்த நாட்களில் யாரும் வேலை செய்வதில்லை, சண்டைகூடப் போடுவதில்லை, வாசலைத் தாண்டுவதில்லை. அந்த நாட்களில் பிறந்த பிள்ளைக்கு நென் என்று பெயர். வீண் என்று அர்த்தம். உருப்படாது என்பார்கள்.

"வீண்ங்கறத யார் வரைவாங்க? பொம்மைக்கு நெனெ. அதுல பாதிச் சத்தம் நென். அதான் பொம்மை. இது பாப்லோ." அவள் குரலை உயர்த்தினாள். "இவன் பொறந்தப்ப ஊர்ல ஒருத்தரும் வெளிய வரல. நான்தான் போனேன். இவனை வளக்க வேணாம்னு சொந்தக்காரங்க சொன்னாங்க. அந்த வீட்ல பன்னெண்டு பேர் இருந்தாங்க. கொள்ளைநோய் அத்தன பேரையும் கொண்டுபோச்சு. இந்த உருப்படாததுதான் மிஞ்சுச்சு. இன்னிக்கு இந்த ஊர்க் கிணத்துல கிடக்கற கயிறெல்லாம் இவன் திரிச்சது. சிரிக்கறவங்க அந்தக் கயித்த விட்டுட்டுத் தண்ணி எறைங்க பாப்போம்."

யாரும் சிரிக்கவில்லை.

வழக்காடி மட்டும் மெதுவாக எழுந்தார். கெட்டிக்காரர். அவர் காத்திருந்த இடம் வந்துவிட்டது. "கோயில் புத்தகத்தில் இந்த ஆளுக்கு பாப்லோ என்றுதான் இருக்கு. நென் என்று பெயர் வைத்தது யாரம்மா? எந்தச் சடங்கில்?"

பாதிரியார் ஓரத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவருக்கு எங்கள் பேச்சு நன்றாகத் தெரியும். புருஷன் சொன்னான் என்று சொல்லுங்க மதினி, செத்தவன் மேல் போடுங்க, அண்ணன் கோபிக்கமாட்டான் என்று மனசுக்குள் கெஞ்சினேன்.

அவள் பாதிரியாரைப் பார்த்தே சொன்னாள். "நான்தான் வச்சேன். நாலாம் நாள் குளிப்பாட்டி வச்சேன். இங்க எழுதியிருக்கற எட்டுப் பேருக்கும் நான்தான் வச்சேன். மத்தேயோவுக்கு மட்டும் வைக்க முடியல."

என் பேனா ஓடவில்லை. எழுதாமல் விட்டால் அது சொல்லாததுபோல ஆகிவிடும் என்று ஒரு முட்டாள்தனமான எண்ணம். அவள் என் பக்கம் திரும்பினாள்.

"எழுதுங்க கொழுந்தனாரே. இதை விட்டுட்டா மத்ததெல்லாம் நான் கனவுல பாத்துச் சொன்னதா ஆயிடும்."

எழுதினேன். அந்த வரி மட்டும் கோணலாக இருக்கும்.

ஏழாவது, கழுகு. அந்த நிலத்துக்கு உரிமை கேட்டு நின்றவன் லொரென்சோ. மதினியின் மருமகன், இஸபெலின் புருஷன். அவனுக்கு வீட்டில் வைத்த பெயர் குவாவ்த்லி, அதாவது கழுகு. வழக்கு வந்து பெட்டியைத் திறந்த அன்று என்னோடு படத்தைப் பார்த்துவிட்டு, "இது நான்தான் மாமா, இந்த நிலமும் சும்மாத்தான் கிடக்கு" என்றான். எனக்கும் சரியாகவே பட்டது. நிலத்துக்கு உரிமை கேட்பவர்கள் பட்டியலில் நான்தான் அவன் பெயரை எழுதினேன். மதினிக்கு அது அன்றைக்குத்தான் தெரிந்தது.

அவள் குனிந்து அந்தக் கழுகை உற்றுப் பார்த்தாள். பிறகு கண்ணைத் துடைத்தாள். "கழுகுக்குக் கீழ சின்னச் சின்னதாப் புள்ளி இருக்கு பாருங்க."

லொரென்சோ அவசரமாகச் சொன்னான். "அது ஈ எச்சம் அத்த."

"எந்த ஊர் ஈ மாப்ள வரிசை கட்டி உக்காந்து எச்சம் போடும்? அது உப்பு. உப்புக்கு இஸ்தா. வெள்ளைக்கு இஸ்தாக். இந்தப் பேரு வெறும் கழுகு இல்ல. குவாவிஸ்தாக். வெள்ளைக் கழுகு. பொறந்தப்ப அவன் முடி பஞ்சு மாதிரி வெளுத்திருந்துச்சு, அதான்."

"அந்தப் பையன் எங்கம்மா?" என்றார் நீதிபதி.

"இல்லைங்க. இந்தப் படம் எழுதின ரெண்டாம் வருஷம் போய்ட்டான். ஒம்போது வயசு. என் மடியிலதான் போனான். அவனுக்கு யாரும் இல்ல."

"அப்ப இந்த நிலம் உங்க மருமகனோடது இல்ல."

"இல்லைங்கய்யா."

முன்வரிசையில் இஸபெல் உட்கார்ந்திருந்தாள். அவள் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்கத் தைரியம் இல்லை. லொரென்சோ எழுந்து ஜனங்களை விலக்கிக்கொண்டு வெளியே போனான். எட்டாவதும் ஒன்பதாவதும் சுலபமான பெயர்கள், காற்று ஒன்று, பூ ஒன்று. அவள் சொல்ல, ஆட்கள் எழுந்து நின்றார்கள். நீதிபதி ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

மறுநாள் தீர்ப்பு. எட்டு நிலங்களும் உழுகிறவர்களுக்கே. வாரிசில்லாத அந்த ஒன்று மட்டும் தோன் ஹெரோனிமோவுக்குப் போயிற்று. அவர் அதில் கோதுமை விதைத்தார். எழுத்து வேலையெல்லாம் முடிந்து குதிரை ஏறும்போது நீதிபதி என்னிடம், "அந்தம்மா மருமகன் பேர இல்லைன்னு சொன்னாங்களே, அதுக்கப்புறம் எனக்கு வேற சாட்சி வேண்டியிருக்கல" என்றார். நான் அதை மதினியிடம் சொன்னேன். "அவருக்கென்ன, மருமகன் மூஞ்சிய நானில்ல பாக்கணும்" என்றாள்.

பாதிரியார் கெட்டவர் இல்லை. ஆனால் ஊரறியச் சொல்லப்பட்ட ஒன்றைக் காதில் விழாததுபோல் விட அவரால் முடியவில்லை. அடுத்த ஞாயிறு கோயில் முற்றத்தில் மதினியின் தலைமுடியைக் கத்தரித்தார்கள். பூசை முடியும்வரை கையில் மெழுகுவத்தியோடு நின்றாள். ஒரு வருஷம் பிரசவம் பார்க்கக் கூடாது என்று தண்டனை. எங்கள் பெண்களுக்கு முடி போவது எவ்வளவு பெரிய அவமானம் என்று எல்லோருக்கும் தெரியும். நான் குனிந்துகொண்டே அவளோடு வீட்டுக்கு நடந்தேன்.

"ஏன் கொழுந்தனாரே குனியறீங்க? மொட்டை எனக்கா உங்களுக்கா?" என்றாள். வாசலில் முக்காட்டை எடுத்துவிட்டுத் தலையைத் தடவிப் பார்த்தாள். "லேசா இருக்கு. பேனுக்குத்தான் கஷ்டம்." உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அன்று முழுவதும் வெளியே வரவில்லை. அவள் அழுததை நான் கேட்டது அன்றைக்கு மட்டும்தான்.

அந்த ஒரு வருஷம் ஊரில் பெண்கள் யாருக்கும் பிரசவ வலி வரவில்லை, வயிற்றுவலிதான் வந்தது. ஆள் அனுப்புவார்கள். மதினி கூடையை எடுத்துக்கொண்டு போவாள். "வயித்துவலிக்கு மருந்து குடுக்கத்தான் போறேன். போன இடத்துல பிள்ளை வந்து விழுந்தா அது என் தப்பா?" என்பாள். பாதிரியார் பதினேழு ஞானஸ்நானம் கொடுத்தார், யார் பிரசவம் பார்த்தது என்று ஒரு தடவையும் கேட்கவில்லை.

லொரென்சோ இஸபெலைக் கூட்டிக்கொண்டு ஒரு நாள் நடைதூரத்தில் உள்ள ஊருக்குக் கூலிவேலைக்குப் போய்விட்டான். மதினி மாதம் ஒரு தடவை மகளைப் பார்க்க நடந்து போவாள். அவள் வருவது தெரிந்தால் அவன் வயலுக்குப் போய்விடுவான். நாலு வருஷம் அப்படி. ஐந்தாம் வருஷம் பண்டிகைக்கு ஒரு வான்கோழி கொடுத்தனுப்பினான். வார்த்தை ஒன்றும் சொல்லி அனுப்பவில்லை. மதினி அந்தக் கோழியை அறுக்க விடவில்லை. அது பெருத்துப்போய் எங்கள் வீட்டுச் சுவரில் ஏறி என் மிளகாய்ச் செடியெல்லாம் தின்றது.

தீர்ப்பு வந்த மறுமாதமே நான் சபைப் பெட்டியிலிருந்து ஓடைக்கரைப் படத்தை மட்டுமல்ல, அண்ணன் எழுதியிருந்த அத்தனை தாளையும் எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். "மதினி, நீங்க சொல்லுங்க, நான் எழுதறேன்" என்றேன். அவள் என்னைப் பத்து வருஷம் குத்திக்காட்டியிருக்கலாம். மாவுக் கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள், அவ்வளவுதான். நானூற்றுச் சொச்சம் தலைகள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் பொடி எழுத்தில் பெயர் எழுதினோம். மழைக்காலம் முழுக்க ஆயிற்று.

அவள் ஒரு பெயரையும் ஊகித்துச் சொல்லமாட்டாள். பல் ஒன்று வரைந்து அதன்மேல் கொடி வரைந்த ஒரு தலை இருந்தது. அதை இன்னார் என்று நான் சொல்லிப் பார்த்தேன், பொருந்தவும் செய்தது. "உங்களுக்குத் தெரியுமா, இல்ல தோணுதா?" என்றாள். தோன்றுகிறது என்றேன். "அப்ப விட்டுடுங்க. தோணினதையெல்லாம் எழுதினா செத்தவன் வீட்டுக்குள்ள வேற ஒருத்தனக் குடிவைக்கற மாதிரி." அப்படி முப்பத்தொரு தலைகளுக்குப் பக்கத்தில் ஒன்றும் எழுதாமல் விட்டோம்.

அவள் போன பிப்ரவரி மாதம் இறந்தாள். காய்ச்சல், நாலே நாள். செய்தி கேட்டு இஸபெலும், அவளோடு லொரென்சோவும் வந்திருந்தார்கள். கடைசி நாளில்கூட பாப்லோவின் மருமகள் வயிற்றுவலி என்று ஆள் அனுப்பியிருந்தாள். எழுந்திருக்க முடியாமல், படுத்தபடியே, எந்தப் பச்சிலையை எவ்வளவு வெந்நீரில் போட வேண்டும், எப்போது முக்கச் சொல்ல வேண்டும் என்று இஸபெலுக்குச் சொல்லி அனுப்பினாள். இஸபெல் அங்கே இருந்தபோது இங்கே மூச்சு நின்றுவிட்டது. அங்கே பிறந்தது ஒரு பெண், நல்ல கனமான பிள்ளை. லொரென்சோதான் முதலில் என்னிடம் வந்து குழி தோண்ட மண்வெட்டி கேட்டான். யாரையும் கூடத் தோண்ட விடவில்லை.